ஊருக்கு ஒரு வாத்தியக் கோஷ்டி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில், ப்யூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியின் கரையில், மரமறுக்கும் ஆலைகளுக்கும் காகிதக்கூழ் ஆலைகளுக்கும் பேர்போன டகோமா என்ற துறைமுகப் பட்டணம் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்தும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்தும் வெகு தொலைவில் கிடந்த அப்பட்டணத்தில், 1958-ஆம் வருஷத்திலே, ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் சிலர் கூடி வெய்லர்ஸ் என்ற பெயரில் ஒரு வாத்தியக் கோஷ்டியை அமைத்தார்கள். மறு வருஷமே அவர்கள் வாசித்த 'டால் கூல் ஒன்' என்ற உருப்படி, வாய்ப்பாட்டு இல்லாத வெறும் வாத்திய இசையாக இருந்தும், தேசமெங்கும் விற்று, அந்நாட்டில் அதிகமாக விலைபோன முதல் நாற்பது இசைத்தட்டுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. பையன்கள் நியூயார்க்குக்குப் போனார்கள், தொலைக்காட்சியில் தோன்றினார்கள், கிழக்குக் கரையிலேயே தங்கிவிட வேண்டும் என்று இசைத்தட்டுக் கம்பெனியார் வற்புறுத்தினார்கள். அவர்களோ படிப்பை முடிக்க வேண்டும் என்று சொல்லி டகோமாவுக்கே திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

கீர்த்தி கைக்கு எட்டிய சமயத்தில் அதை விட்டுவிட்டு வீடு திரும்பிய இச்செய்கை, தொழில் தெரிந்தவர்களுக்கு அறியாமையாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும், 1960-களின் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் தோன்றி, இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ வாசித்துவிட்டு, ஓர் இசைத்தட்டையோ இரண்டையோ மாத்திரம் விட்டுச் சென்று மறைந்துபோன சிறு கோஷ்டிகளின் சரித்திரத்தை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அக்கோஷ்டிகள் ஊரிலே பிறந்து ஊருக்காகவே வாசித்தவை. அவற்றைத் தாங்கி நின்ற நடன மண்டபமும், உள்ளூர் வானொலியும், சில நூறு தட்டுகளை அச்சிட்டுக் கொடுத்த சிறு வியாபாரமும் செழித்திருந்தவரையில் அவையும் செழித்தன. இவை தளர்ந்தபோது அவையும் தளர்ந்தன. திறமைக் குறைவினால் அவை மடிந்தன என்று எழுதுகிறவர்கள் பாதிச் சரித்திரத்தையே எழுதுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இவற்றைக் 'கராஜ்' கோஷ்டிகள் என்று பிற்காலத்து விமரிசகர்கள் அழைத்தார்கள். வீட்டை ஒட்டிய கார் ஷெட்டிலே அப்பியாசம் செய்தவர்கள் என்பது கருத்து. எல்லோரும் அங்கேதான் வாசித்தார்கள் என்பதில்லை. வீட்டின் நிலவறையிலும் கூடத்திலும் வாசித்தவர்களும் அநேகர். இருந்தாலும் அந்தக் கார் ஷெட்டுக்கே ஒரு பூர்வகதை உண்டு. இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்து ஊர் திரும்பிய போர்வீரர்களின் வீட்டுக் கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் நின்றது. அதனால் நகரங்களைச் சுற்றிலும் புறநகர்கள் எழுந்தன. காரும் அதை நிறுத்தும் கொட்டகையும் நடுத்தரக் குடும்பத்தின் லட்சணங்களாயின. 1946 முதல் 1964 வரையில் அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் சுமார் 7 கோடியே 60 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களுள் மூத்தவர்கள் பதினாறு, பதினேழு வயதை எட்டியபோது, கையில் சொற்பமான பணமும் மாலையில் ஏராளமான அவகாசமும் உள்ள ஒரு பெரும் வாலிபர் கூட்டம், உலகம் அதற்கு முன் கண்டிராத அளவில், ஊர்தோறும் தோன்றியது.

வாத்தியமும் அச்சமயத்தில் மலிந்தது. ஸியர்ஸ் ரோபக் என்ற தபால் வியாபார ஸ்தாபனத்தின் விலைப்பட்டியலில், சில்வர்டோன் என்ற பெயரில், எழுபது டாலருக்கும் குறைந்த விலையில் ஒரு மின்சாரக் கிதார் விற்பனைக்கு வந்தது. நியூ ஜெர்ஸியிலிருந்த டேன்எலெக்ட்ரோ கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. கிதாரை வைத்து எடுத்துச் செல்லும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கரையும் பொருத்தியிருந்தமையால், பெட்டியைத் திறந்து சுவரோரமாக நிறுத்தி மின்சாரத்தில் இணைத்தவுடன் ஒரு பையன் வித்வானாகிவிடலாம் என்ற நம்பிக்கையை அது ஊட்டியது. கிதாரின் நாதத்தைக் கரகரவென்று சிதைத்துக் காட்டும் மேஸ்ட்ரோ பஸ்டோன் என்னும் சிறு கருவி 1962-இல் கடைக்கு வந்தது. சற்றுப் பிற்பாடு, பியானோவைப் போல நான்கு ஆட்கள் கூடித் தூக்க வேண்டிய அவசியமில்லாமல் காரில் ஏற்றிச் செல்லத்தக்க பர்பீஸா என்ற இத்தாலிய மின்சார ஆர்கனும் வந்து சேர்ந்தது. இக்கோஷ்டிகளின் தட்டுகளில் நாம் கேட்கிற கரகரப்பும் கீச்சுக்குரலும் பெரும்பாலும் இந்த மலிவான கருவிகளின் குணங்களே. அவற்றைக் குறை என்று நினையாமல் அழகாகக் கைக்கொண்டதிலேதான் அந்த வாலிபர்களின் கலையுணர்ச்சி வெளிப்படுகிறது.

1964 பிப்ரவரி 9-ஆந்தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு, எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேயக் கோஷ்டி தோன்றியதையும், அதைச் சுமார் 7 கோடியே 30 லட்சம் ஜனங்கள் பார்த்ததையும், மறுநாள் முதல் நாடெங்கும் பையன்கள் கிதார் வாங்க ஓடியதையும் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையே. ஆனால் எல்லாம் அந்த ஒரே இரவில் பிறந்ததாக நினைப்பது தவறு. வடமேற்குப் பிரதேசத்தில் அதற்கு ஐந்தாறு வருஷங்களுக்கு முன்பே இந்த மரபு வேரூன்றியிருந்தது. அதன் வேர் கறுப்பின மக்களின் சங்கீதத்திலே இருந்தது. ஸியாட்டில் நகரத்தில் 1958 வரையில் வெள்ளையருக்கு ஒன்றும் கறுப்பருக்கு ஒன்றுமாக இரண்டு தனித்தனி வாத்தியக்காரர் சங்கங்கள் இருந்தன. இரவெல்லாம் வாத்திய ஒலி நிறைந்திருந்த ஜாக்ஸன் தெருவின் கறுப்பின வித்வான்களையும், டேவ் லூயிஸ் என்பவருடைய கோஷ்டியையும் கேட்டுக் கேட்டுத்தான் டகோமாவின் வெள்ளைக்காரப் பையன்கள் தாளத்தைக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கடனைச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தை எழுதுவது நியாயமாகாது.

அக்கடனின் மிகச் சிறந்த சாட்சி 'லூயி லூயி' என்ற பாட்டு. ரிச்சர்ட் பெர்ரி என்ற கறுப்பினப் பாடகர் லாஸ் ஏஞ்சல்ஸ் பிரதேசத்தில் வசித்தவர். கியூபா நாட்டுத் தாளக்கட்டு ஒன்றில் மனத்தைப் பறிகொடுத்து 1955-இல் அதை இயற்றி, 1957-இல் இசைத்தட்டாக வெளியிட்டார். ஜமைக்கா நாட்டு மாலுமி ஒருவன், கடலுக்கு அப்பால் தனக்காகக் காத்திருக்கும் பெண்ணை நினைத்து, லூயி என்ற மதுக்கடைக்காரனிடம் மனம்விட்டுப் பேசுவதுதான் விஷயம். விரசமான ஒரு சொல்லும் கிடையாது. தட்டு பிரமாதமாக விற்கவில்லை. கல்யாணச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தமையால் பெர்ரி பாட்டின் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார். தெற்கே மறக்கப்பட்ட அந்தத் தட்டு வடக்கே டகோமாவில், ராக்கிங் ராபின் ராபர்ட்ஸ் என்ற இளம் பாடகரின் கையில் அகப்பட்டது. வெய்லர்ஸ் கோஷ்டியோடு சேர்ந்து பாடிவந்த அவர், அதை மேடையில் பாடத் தொடங்கினார். கிழக்குக் கரைக் கம்பெனியை விட்டு வந்த கோஷ்டியினர் எட்டிக்கட் என்ற பெயரில் தாங்களே ஓர் இசைத்தட்டுக் கம்பெனியை ஸ்தாபித்து, 1961-இல் அப்பாட்டை வெளியிட்டார்கள். வாலிபர்கள் தங்கள் ஊரிலேயே, தங்கள் சொந்தப் பொறுப்பில் செய்த அந்த முயற்சி சாமானியமானதன்று.

அதன் பிறகு வடமேற்கில் 'லூயி லூயி' வாசிக்கத் தெரியாத கோஷ்டிக்கு மேடை கிடைப்பது அரிது என்ற நிலை ஏற்பட்டது. டகோமாவுக்குத் தெற்கே, ஆரிகன் ராஜ்யத்தின் போர்ட்லண்டு நகரத்தில் கிங்ஸ்மென் என்ற கோஷ்டி இருந்தது. 1963 ஏப்ரல் 6-ஆந்தேதி அவர்கள் அந்நகரத்துப் பதிவுக் கூடம் ஒன்றில் சுமார் ஐம்பது டாலர் செலவில் அப்பாட்டைப் பதிவு செய்தார்கள். பாடுகிறவருக்காகத் தொங்கவிட்ட மைக், தலைக்கு மேலே உயரத்தில் இருந்தது. ஜாக் ஈலி என்ற இளைஞர், பல்வரிசையைச் சீராக்கக் கட்டியிருந்த கம்பியோடு, அண்ணாந்து நின்று, வாத்தியங்களின் ஓசைக்கு மேலாகக் கத்திப் பாட வேண்டியதாயிற்று. கிதார் தனியாவர்த்தனம் முடிந்ததும் அவர் ஓர் இடத்தில் அவசரப்பட்டு முன்னதாகவே எடுத்துவிட்டார். தவறை உணர்ந்து நிறுத்தினார். டிரம் வாசித்தவர் சட்டென்று ஓர் உருட்டு உருட்டி அந்த இடைவெளியை மூடினார். மறுபடி பதிவு செய்யவில்லை. அந்தப் பிழை அப்படியே அச்சாகி, பிற்காலத்தில் அப்பாட்டை வாசித்த அநேக கோஷ்டிகளால் பாடத்தின் ஓர் அங்கமாகவே பக்தியோடு பின்பற்றப்பட்டது. அதே மாதத்தில், அதே கூடத்தில், பால் ரிவீர் அண்டு தி ரெய்டர்ஸ் என்ற வேறொரு கோஷ்டியும் அதே பாட்டைப் பதிவு செய்தது. சாதகத்தில் அவர்கள் மேலானவர்கள் என்று சொல்லலாம். நெஞ்சைப் பிடித்து உலுக்குவது ஈலியின் குரல்தான்.

கிங்ஸ்மென் தட்டு முதலில் ஊருக்குள்ளேதான் சுற்றியது. பாஸ்டன் நகரத்து வானொலி அறிவிப்பாளர் ஒருவர், அந்த வாரத்தின் மிக மட்டமான தட்டு என்று அறிமுகப்படுத்தி அதை ஒலிபரப்ப, கேட்ட ஜனங்கள் அந்தத் தட்டே வேண்டும் என்று கடைகளை மொய்த்தார்கள். 1963 டிசம்பரில் அது தேசப் பட்டியலில் இரண்டாவது இடத்தை அடைந்தது. ஈலியின் உச்சரிப்பு விளங்காமையால், அதில் ஆபாசமான வார்த்தைகள் இருப்பதாக ஒரு வதந்தி பள்ளிக்கூடங்களில் பரவியது. 1964-இன் தொடக்கத்தில் இண்டியானா ராஜ்யத்தின் கவர்னர் அதை ஒலிபரப்பக் கூடாதென்று தம் ராஜ்யத்து வானொலிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். மத்திய சர்க்காரின் துப்பறியும் இலாகாவான எப்.பி.ஐ.க்குப் பெற்றோர் கடிதம் எழுதினார்கள். அவ்விலாகா பல வேகங்களில் தட்டைச் சுழற்றிக் கேட்டு, நெடுநாள் விசாரணை நடத்தி, எந்த வேகத்தில் ஓட்டினாலும் வார்த்தைகள் விளங்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. இச்சம்பவத்தைப் பலர் கேலியாகவே எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் கேலி தோன்றவில்லை. தங்கள் பிள்ளைகள் தங்களுக்கு அர்த்தமாகாத ஒரு பாஷையில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு தலைமுறைப் பெற்றோர் முதன்முதலாகக் கண்ட திகில் அந்தக் கடிதங்களில் இருக்கிறது. அத்திகிலுக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை.

அந்தப் புகழெல்லாம் வந்தபோது ஜாக் ஈலி கோஷ்டியில் இல்லை. டிரம் வாசித்து வந்த லின் ஈஸ்டனின் தாயார் கோஷ்டியின் பெயரை முன்பே பதிவு செய்திருந்தார். அந்த உரிமையைக் கொண்டு ஈஸ்டன் இனித் தானே பாடுவதாகச் சொல்ல, ஈலி 1963-ஆம் வருஷத்துக் கோடையிலேயே விலகிவிட்டார். தேசமெல்லாம் கேட்ட குரல் ஒருவருடையது. தேசமெல்லாம் மேடையில் கண்ட முகம் மற்றொருவருடையது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கூடி நடத்திய கோஷ்டிகளில் இத்தகைய பிளவுகள் சர்வசாதாரணம். வக்கீலும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, இருந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தவரும் இல்லை.

டகோமாவிலேயே வெய்லர்ஸுக்கு அடுத்த தலைமுறையாக எழுந்த ஸோனிக்ஸ் கோஷ்டியைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லாமல் இருக்க முடியாது. இவ்வகைச் சங்கீதத்தின் சிகரம் அதுவே என்று நான் கருதுகிறேன். வெய்லர்ஸ் நடத்திய எட்டிக்கட் கம்பெனியே இவர்களுடைய தட்டுகளையும் வெளியிட்டது. 1964-இல் 'தி விட்ச்' என்ற தட்டும், 1965-இல் 'ஹியர் ஆர் தி ஸோனிக்ஸ்' என்ற ஆல்பமும் வந்தன. ஜெரி ராஸ்லி அடிவயிற்றிலிருந்து எழுப்பிய அலறலும், ராப் லிண்டின் சாக்ஸபோனும், லாரி பரீபாவின் கிதாரும், பாப் பென்னட் டிரம்மை ஓங்கி ஓங்கி அடித்த அடியும் சேர்ந்து, பதிவுக் கருவியின் சக்திக்கு மீறிய ஒரு பிரளயத்தை உண்டாக்கின. டிரம் முழுவதற்கும் ஒரே ஒரு மைக். இரண்டே தடங்கள் கொண்ட பதிவு இயந்திரம். பிறகு 'பூம்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்யும்போது, ஓசையைத் தணிப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த அட்டைகளையே அவர்கள் பிய்த்தெறிந்தார்கள். அவர்கள் பாட்டுகளில் காதலைவிட சூனியக்காரியும் பைத்தியமும் விஷமும் சாத்தானுமே அதிகம். ஊரின் சிறுவர்கள் அதை ஆவேசத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். வடமேற்குக்கு வெளியே அநேகமாக ஒருவரும் கேட்கவில்லை. 1960-கள் முடிவதற்குள் கோஷ்டி சிதறியது. ராப் லிண்டு கடற்படை விமானியாக வியட்நாம் யுத்தத்துக்குப் போய், பிற்பாடு பிரயாணி விமானம் ஓட்டினார். லாரி பரீபா இன்ஷ்யூரன்ஸ் உத்தியோகத்தில் சேர்ந்தார். ராஸ்லி சாலைக்குத் தார் போடும் தொழில் நடத்தினார்.

இப்படிப்பட்ட கோஷ்டி ஓர் ஊரில் எவ்விதம் ஜீவித்தது? வெள்ளி, சனி இரவுகளில் நடன மண்டபங்களிலும், படைக்கலக் கொட்டில்களிலும், சக்கரச் சப்பாத்துக் கட்டி வழுக்கும் ரிங்குகளிலும், மாதாகோயில் கூடங்களிலும் நடனங்கள் நடந்தன. மது விற்காத இடங்களாகையால் ஹைஸ்கூல் மாணவர்கள் தாராளமாக வந்தார்கள். ஸியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் நடுவே ராஜபாட்டையில் இருந்த ஸ்பானிஷ் காஸில் மண்டபம் இவற்றுள் பிரசித்தமானது. சிறுவனாக அங்கே போய்க் கேட்ட கிதார் வித்வான் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பிற்காலத்தில் அதன் பெயரால் ஒரு பாட்டே இயற்றினார். ஸியாட்டிலின் கே.ஜே.ஆர். வானொலியில் அறிவிப்பாளராக இருந்த பாட் ஓடே என்பவரே அப்பிரதேசத்து நடனங்களையும் நடத்தினார். ஆகவே மண்டபத்தில் கூட்டம் சேர்த்த கோஷ்டி வானொலியில் ஒலித்தது. வானொலியில் ஒலித்த கோஷ்டிக்கு மண்டபத்தில் கூட்டம் சேர்ந்தது. பணம் கொடுத்தால் ஐந்நூறு தட்டுகளை மாத்திரமும் அச்சிட்டுக் கொடுக்கும் தொழிற்சாலைகள் இருந்தன. நடன இரவில் மேடையருகே விற்றும், உள்ளூர்க் கடையில் வைத்தும் அவற்றைத் தீர்த்துவிடலாம். ஒரு பிரதேசத்துக்குள்ளேயே பூரணமாகச் சுழன்ற இந்தச் சிறு பொருளாதாரம்தான் அந்தக் கோஷ்டிகளைப் பெற்று வளர்த்த தாய்.

வேறு பிரதேசங்களிலும் இதே அமைப்பு இருந்தது என்பதற்கு மிச்சிகன் ராஜ்யத்தின் ஒரு கோஷ்டியைச் சொன்னால் போதும். டெக்ஸாஸிலிருந்து பண்ணை வேலைக்காக வடக்கே குடிபெயர்ந்த மெக்ஸிகோ வம்சத்துக் குடும்பங்களின் பிள்ளைகள், ஸாகினா, பே ஸிட்டி ஆகிய ஊர்ப்பக்கத்தில், க்வெஸ்சன் மார்க் அண்டு தி மிஸ்டீரியன்ஸ் என்ற பெயரில் ஒரு கோஷ்டி நடத்தினார்கள். தலைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதேயில்லை. கேள்விக்குறியே தம் பெயர் என்றார். தொடக்கத்திலிருந்த இருவர் ராணுவத்துக்குப் போய்விட, புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு, 1966-இல் பே ஸிட்டியில் ஒரு வீட்டோடு சேர்ந்த சிறு கூடத்தில் '96 டியர்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். லில்லி கொன்ஸாலெஸ் என்ற பெண்மணி நடத்திய பா-கோ-கோ என்னும் சிறு கம்பெனி அதை வெளியிட்டது. உள்ளூர் வானொலிகள் ஓயாமல் வைக்க, பெரிய கம்பெனி ஒன்று அதை வாங்கி விற்க, அக்டோபர் 29-ஆந்தேதி அது அமெரிக்காவின் முதல் இடத்துக்கு வந்தது. வயல் வேலைக்காரர்களின் மக்கள், பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் வாசித்த ஆர்கனின் நாலைந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஒரு மகாதேசத்தின் செவியைத் தம் வசப்படுத்திய அச்செய்தி எப்போது படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பெண்கள் கோஷ்டிகளும் இருந்தன. டெட்ராயிட்டில் குவாட்ரோ சகோதரிகள் ப்ளெஷர் ஸீக்கர்ஸ் என்ற பெயரில் வாசித்தார்கள். அவர்களில் ஸூஸி பிற்பாடு இங்கிலாந்தில் பெயர் பெற்றார்.

இனி, இந்த ஊர்க் கோஷ்டிகள் ஏன் இத்தனை சீக்கிரம் அழிந்தன என்ற விஷயத்துக்கு வருவோம். 1965 ஜூலை 28-ஆந்தேதி ஜனாதிபதி ஜான்ஸன், மாதந்தோறும் கட்டாயமாக ராணுவத்துக்கு எடுக்கும் ஆட்களின் தொகையை 17,000-லிருந்து 35,000-ஆக உயர்த்துவதாக அறிவித்தார். 1965 முடிவில் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படை சுமார் 1,84,000. 1968 முடிவில் 5,36,000. கோஷ்டிகளில் வாசித்தவர்கள் எல்லோரும் சரியாக அந்த வயதினர். காலேஜில் படிக்கிறவனுக்கு ஒத்திவைப்பு உண்டு. ஆகவே தப்பவேண்டியவன் கிதாரை வைத்துவிட்டுப் படிக்கப் போக வேண்டும், படிக்காதவன் யுத்தத்துக்குப் போக வேண்டும். இரண்டு வழியிலும் கோஷ்டி உடையும். ஸான் ஹோஸே நகரத்துக் கவுண்ட் பைவ் கோஷ்டியின் 'ஸைக்காடிக் ரியாக்ஷன்' 1966-இல் தேசத்தில் ஐந்தாவது இடத்தை எட்டிய தட்டு. அவ்வளவு வெற்றிக்குப் பிறகும் அப்பையன்கள் காலேஜ் படிப்பை விட்டு முழுநேரமும் ஊர் ஊராகச் சுற்றத் துணியவில்லை. அவர்களைக் கோழைகள் என்று யார் சொல்லக்கூடும்?

யுத்தம் ஆட்களைக் கொண்டுபோனது. மண்டபத்தையும் வானொலியையும் வேறு காரணங்கள் கொண்டுபோயின. 1965-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் கே.எச்.ஜே. வானொலியில் பில் டிரேக் என்பவர் புகுத்திய முறைப்படி, முப்பது பாட்டுகளைக் கொண்ட இறுக்கமான பட்டியல் ஒன்றே திரும்பத் திரும்ப ஒலித்தது. அது லாபம் தரக் கண்டு பல நகரங்களின் நிலையங்கள் பின்பற்றவே, பக்கத்து ஊர்ப் பையன்களின் தட்டுக்கு வாசல் அடைபட்டது. அப்பால் 1967-இல், பல மாதங்கள் செலவிட்டுப் பீட்டில்ஸ் உருவாக்கிய 'ஸார்ஜெண்ட் பெப்பர்' ஆல்பம் வந்தபின், ஐம்பது டாலரில் ஒரே மூச்சில் பாடிய பாட்டு ரஸிகர்களின் காதுக்கு ஏழ்மையாகத் தோன்றலாயிற்று. ஜனங்கள் ஆடுவதை விட்டு உட்கார்ந்து கேட்கத் தலைப்பட்டார்கள். 1968-இல் ஸ்பானிஷ் காஸில் மண்டபம் இடிக்கப்பட்டது.

தட்டுகள் மாத்திரம் பழைய சாமான் கடைகளில் கிடந்தன. லென்னி கே என்ற எழுத்தாளர் 27 பாட்டுகளைப் பொறுக்கி, 1972-இல் எலெக்ட்ரா கம்பெனியின் மூலம் 'நகெட்ஸ்' என்ற இரட்டைத் தட்டுத் தொகுதியாக வெளியிட்டார். அவரும் வாலிபத்தில் ஒரு சிறு தட்டு பாடியவர். ஆகையால் அத்தொகுதியில் விமரிசகனின் மதிப்பீட்டோடு சகபாடியின் அன்பும் தெரிகிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களே சில வருஷங்களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் இசையைத் தொடங்கினார்கள். உரியவர்களுக்குப் பணமும் சிறிது வந்து சேர்ந்தது, வெகு தாமதமாக. பெர்ரிக்கு அவர் விற்ற பாட்டின் உரிமையில் ஒரு பங்கு 1980-களில் திரும்பக் கிடைத்தது. தங்கள் தட்டுக்கு முப்பது வருஷம் ஒரு காசும் பெறாத கிங்ஸ்மென் கோஷ்டியினர், வழக்காடி, 1998-இல் தங்கள் பதிவுகளைத் தாங்களே மீட்டார்கள். ஸோனிக்ஸ் 2007-இல் நரைத்த தலைகளோடு நியூயார்க்கில் மேடை ஏறினார்கள்.

இந்தச் சங்கீதத்தைக் கேட்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய தொகுதிகளில் தேசமெல்லாம் அள்ளிச் சேர்த்த பாட்டுகளை ஒருமிக்கக் கேட்பதற்கு முன்பாக, வெய்லர்ஸும் ராக்கிங் ராபின் ராபர்ட்ஸும் 1961-இல் பாடிய 'லூயி லூயி', கிங்ஸ்மென் 1963-இல் பாடிய அதே பாட்டு, ஸோனிக்ஸ் 1964-இல் வெளியிட்ட 'தி விட்ச்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள். மூன்றும் சுமார் 150 மைல் தூரத்துக்குள் அடங்கிய இரண்டு ஊர்களின் பிள்ளைகள் வாசித்தவை.